டிராகன் பறக்கிற கதையில் லொஜிக் எதற்கு?

"மச்சான், டிராகன் பறக்கிற கதையில போய் லொஜிக் பாக்கிறியா?"

ஃபன்டசி கேம் ஒன்றைப் பற்றியோ மாயக் கதை ஒன்றைப் பற்றியோ நாலு பேர் பேசும்போது, ஒருவர் குறை சொல்லத் தொடங்கினால் இன்னொருவர் இந்தக் கேள்வியைப் போட்டு வாயை அடைத்துவிடுவார். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கும். நெருப்புக் கக்கும் பறவைப் பாம்பையே ஏற்றுக்கொண்டாய், வீரன் மூன்று நாள் வழியை ஒரே இரவில் நடந்து முடித்ததை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்? ஆனால் வாசிக்கிறவருக்கு டிராகன் உறுத்துவதில்லை. அந்த மூன்று நாள் வழிதான் உறுத்துகிறது.

இது ஏன் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கதை எழுதத் தொடங்குகிறவர்களையும் சொந்தமாக ஒரு கேம் செய்து பார்க்கும் ஆசை உள்ளவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். உதாரணங்களை மட்டக்களப்புப் பக்கத்திலிருந்தே எடுக்கிறேன். மாயத்துக்கு இங்கே பஞ்சமில்லை.

இரண்டு விஷயங்களை நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று யதார்த்தம். கதையில் வருவது நம் உலகத்தில் நடப்பதைப் போல இருக்கிறதா என்ற கேள்வி. மற்றது நம்பகம். கதையில் வருவது அந்தக் கதை தானே போட்ட சட்டத்துக்கு ஒத்துப்போகிறதா என்ற கேள்வி. டிராகன் முதல் கேள்வியில் தோற்கும், இரண்டாவதில் தாராளமாக வெல்லலாம். நம் ஊர்த் தெருவிலேயே நடக்கிற கதை முதலாவதில் வென்றுவிட்டு இரண்டாவதில் மண் கவ்வுவதும் உண்டு.

கல் நந்தியும் சாணமும்

கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயில் நந்தியின் கதை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். பறங்கியர் படை கோயிலை இடிக்க வருகிறது. "இந்தக் கல் மாடு புல் தின்னுமா?" என்று தளபதி கேலி செய்கிறான். குருக்கள் ஒரு பிடி புல்லை நீட்டுகிறார். நந்தி எழும்பிப் புல்லைத் தின்கிறது, தளபதியை உதைக்கிறது. சொல்லுகிறவர் கைதேர்ந்தவராக இருந்தால் நடுவில் ஒரு வரி சேர்ப்பார்: தின்று முடித்துச் சாணமும் போட்டது.

பக்தருக்கு இது நடந்த விஷயம். நான் இங்கே கதை கட்டுகிறவரின் கண்ணால் மட்டும் பார்க்கிறேன். அந்தச் சாணம் செய்கிற வேலையைப் பாருங்கள். கதை நம்மிடம் ஒரேயொரு பெரிய சலுகையைத்தான் கேட்கிறது: கல் உயிர்பெற்றது. அதைக் கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஒரு சாதாரண மாட்டின் காரியம். மாடு எழும்பும், புல் தின்னும், சாணம் போடும், கோபம் வந்தால் உதைக்கும். அதே நந்தி சிறகு முளைத்துப் பறந்து வானத்திலிருந்து தீ மழை பொழிந்திருந்தால் அற்புதத்தின் அளவு கூடியிருக்கும், கதையின் பிடி தளர்ந்திருக்கும். வயிற்றுக்குள் போன புல்லுக்கு ஒரு முடிவு இருக்கிறது என்று தெரிந்த கணத்தில் அந்த மாடு கல்லாக இருந்தது மனதை விட்டே போய்விடுகிறது.

நான் சொல்ல வருவதும் இவ்வளவுதான். எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள். மாற்றியதன் விளைவுகளை மட்டும் கைவிடாதீர்கள்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. நடக்கக்கூடியதாக இருந்தும் நம்ப முடியாததைவிட, நடக்கவே முடியாததாக இருந்தும் நம்பத்தகுந்தது கவிதைக்கு நல்லது என்று அரிஸ்டோட்டில் எப்போதோ சொல்லிவிட்டார். ஆங்கிலக் கவிஞர் கோலரிட்ஜ் 1817இல், வாசகர் தன் அவநம்பிக்கையைத் தானாகவே கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்கிறார் என்று எழுதினார். மாயக் கதைகளுக்குப் பேர்போன டோல்கீன் 1939இல் ஆற்றிய ஓர் உரையில் இதை மறுத்தார். ஒதுக்கி வைப்பதெல்லாம் கதை தோற்றுப்போன பிறகு நாம் காட்டும் மரியாதை, நல்ல கதை என்றால் உள்ளே இருக்கும்வரை உண்மையாகவே நம்புவோம் என்பது அவர் கட்சி. பச்சைச் சூரியன் என்று யாரும் சொல்லிவிடலாம், அந்தச் சூரியன் பொருந்துகிற ஓர் உலகத்தைக் கட்டுவதில்தான் உழைப்பு இருக்கிறது என்றும் சொன்னார். நான் டோல்கீன் பக்கம்.

வாவியில் ஒரு நாகத்தை விட்டுப் பார்ப்போம்

விளைவுகளைப் பின்தொடர்வது எப்படி என்று செய்தே காட்டுகிறேன். மட்டக்களப்பு வாவியை எடுத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 56 கிலோமீட்டர் நீளம். கடல் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை. மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு போக்குவரத்துக் கொஞ்சம் இலகுவானாலும், குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு பாதை ஓடுகிற வாவி இது. வெளியூர் வாசகருக்காக: இங்கே பாதை என்றால் தண்ணீரில் மிதந்து போகிற தட்டையான படகு.

இந்த வாவியில் ஒரேயொரு மாற்றம் செய்வோம். உள்ளே ஒரு பெரிய நாகம் இருக்கிறது, பறுவ நாளில், அதாவது முழு நிலா நாளில், மேலே வரும். வேறெதுவும் மாறவில்லை.

பழக்கமில்லாத கை இதை இப்படித் தொடங்கும்:

"மாபெரும் நாகம் வாவியைப் பிளந்துகொண்டு எழுந்தது. அதன் கண்கள் தீப்பிழம்பாய் எரிந்தன. மக்கள் அலறியடித்து ஓடினார்கள்."

இதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. ஒவ்வொரு பறுவத்துக்கும் வருகிற பாம்பைப் பார்த்து இந்த மக்கள் எத்தனை தரம்தான் அலறுவார்கள்? இன்னொரு விதமாக எழுதிப் பார்ப்போம்:

"'இண்டைக்குப் பாதை இல்ல மனே. பறுவம் தெரியாதா? நாளைக்கு விடிய வா.' பாதைக்காரர் கயிற்றை இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றிக் கட்டிவிட்டுச் சோற்றுப் பெட்டியோடு கரையேறினார். துறையில் நின்ற தயிர்க்காரி சட்டிகளை எண்ணிப் பார்த்தாள். 'அப்ப இதெல்லாம் புளிச்சுப் போயிரும்' என்றாள்."

இங்கே பாம்பு வரவேயில்லை. ஆனாலும் இருக்கிறது. பாதைக்காரருக்கு அது லீவு நாள், தயிர்க்காரிக்கு அது நட்டம். அதிசயத்தோடு வாழ்கிறவர்களுக்கு அது பழகிப் போயிருக்கும், சலித்தும் போயிருக்கும். இந்தச் சலிப்பைப் பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இன்னும் ஓர் அடி உள்ளே போவோம். பாம்பு இருந்தால் மீன்பிடி எப்படி நடக்கும்? பறுவத்துக்கு முந்திய நாளே வலை எல்லாம் கரைக்கு வந்துவிடும், அடுத்த நாள் சந்தையில் மீன் விலை ஏறும். பறுவத்தன்று பிரசவ வலி எடுத்தால், பாலத்துக்கு எட்டாத படுவான்கரை ஊர்ப் பெண்ணை எப்படிக் கொண்டுபோவது? அப்படியானால் எட்டு மாதமானதுமே எழுவான்கரைக்குக் கூட்டிவந்து சொந்தக்காரர் வீட்டில் வைத்திருப்பார்கள். சம்பந்தம் பேசும்போது, "மாப்பிள்ளை எந்தக் கரை?" என்பது முதல் கேள்வியாகிவிடும்.

அப்புறம் முகத்துவாரம். மாரியில் வாவி நிரம்பி வயல் வட்டைகள் மூழ்கும்போது, கடல்வாயை அடைத்துக்கொண்டிருக்கும் மணல் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவது இங்கே உள்ள வழமை. எப்போது வெட்டுவது என்பதில் விவசாயிக்கு ஒரு நியாயம், மீனவருக்கு ஒரு நியாயம். இது நிஜ வாழ்க்கையிலேயே இருக்கிற இழுபறி. இப்போது நம் நாகம் கடலிலிருந்து அந்த வாயால்தான் உள்ளே வருகிறது என்று வையுங்கள். வெட்டினால் வயல் தப்பும், பாம்புக்கு வழி திறக்கும். வெட்டாவிட்டால் வாவி பத்திரம், நெல் அழுகும். வயல்காரருக்குத் தலைவரான வட்டை விதானை ஒரு பக்கம், வலைக்காரர் மறுபக்கம். மழை விடவில்லை.

பாம்பு இன்னும் தலை காட்டவில்லை, அதற்குள் கதை வந்துவிட்டது. நாம் கண்டுபிடித்துச் சேர்த்தது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தவை. இடத்தைத் தெரிந்தவருக்கு மாயம் எழுதுவது இலகு என்று நான் அடிக்கடி சொல்வது இதனால்தான். எங்கோ பனி மலையில் கோட்டை கட்டிக்கொண்டிருக்கிற நம் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

படைக்கும் பசிக்கும்

மாயக் கதைகளில் அதிகம் ஓட்டை விழும் இடம் சோறு. பத்தாயிரம் பேர் கொண்ட படை ஒரு மாதம் நடக்கிறது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறோம். ஓர் ஆளுக்கு நாளுக்கு 600 கிராம் அரிசி என்று வைத்தால் 6,000 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை 120. நெல்லாகப் பார்த்தால் 9,000 கிலோ அளவில் வரும். ஏக்கருக்கு 1,800 கிலோ விளைகிறது என்றாலும் ஒரு நாள் சாப்பாட்டுக்கு ஐந்து ஏக்கரின் விளைச்சல் போயிற்று. ஒரு மாதத்துக்கு 150 ஏக்கர். இதெல்லாம் இன்றைய விதைநெல்லும் உரமும் போட்ட கணக்கு. பழைய கால உலகம் என்றால் விளைச்சல் இன்னும் குறையும், வயல் இன்னும் கூடும். வண்டி மாடுகளும் வைக்கோல் கேட்கும்.

இந்தக் கணக்கைக் கதையில் எழுதச் சொல்லவில்லை. எழுதினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். எழுதுகிறவருக்குத் தெரிந்திருந்தால் போதும், வேறு வழியில் கசியும். படை போன ஊரில், நிறைய வயல் வைத்திருக்கிற ஒரு போடியாரின் நெற்பட்டறை காலியாக இருக்கும். மாசி பங்குனியில் ஆட்களைப் படைக்குப் பிடித்தார்கள் என்றால் அந்த வருடம் வெள்ளாமை வெட்டுவதற்கு ஆள் இருக்காது. ஓர் அரசன் போரை ஏன் ஒத்திப்போட்டான் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

சக்திக்கு எல்லை வேண்டும்

மந்திரத்தால் எதையும் செய்யலாம் என்றால் எதற்கும் பயப்பட வேண்டியதில்லை, பயமில்லாத இடத்தில் கதையும் இல்லை. இதை நம் பக்கத்தவருக்கு விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. கண்ணகி மதுரையை எரித்தாள். ஆனால் சிலப்பதிகாரத்தில் அந்தத் தீக்கு ஒரு கட்டளை இருக்கிறது: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் மட்டும் சேர். இந்த வரம்புதான் அவள் கோபத்தை நீதியாக்குகிறது. கண்மூடித்தனமான தீ என்றால் அவளும் பாண்டியனும் ஒரே தராசில் நின்றிருப்பார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது நம் ஊர்கள் அந்தக் கதையைத் தொடர்ந்த விதம். எரித்தவளின் உடலில் அந்த வெப்பம் எங்கே போகும்? ஆறவைக்க வேண்டும். அதனால்தான் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கும், அவள் கதையான வழக்குரையைப் பாடுவதும், அம்மனைக் குளிரவைக்கிற குளிர்த்தியும். ஒரு சக்தியைப் பயன்படுத்தினால் அது ஒரு மிச்சத்தை விட்டுச் செல்லும், அந்த மிச்சத்தை யாராவது கவனிக்க வேண்டும். மந்திரவாதிக்கு மந்திரம் சொன்னால் களைப்பு வரும் என்று கேம்களில் ஒரு நீலக் கோடு வைத்திருக்கிறார்களே, அதைவிட இது எவ்வளவோ ஆழமான ஏற்பாடு.

இன்னொன்று. கடைசிக் கட்டத்தில் வீரனைக் காப்பாற்றப்போகும் சக்தி எதுவோ, அதை முன்னாலேயே ஒரு தடவை காட்டிவிடுங்கள். சிக்கலை உண்டாக்குவதற்கு வாசகருக்குத் தெரியாத மாயம் வந்தால் பரவாயில்லை. சிக்கலைத் தீர்ப்பதற்கு வந்தால் ஏமாற்று.

கேமில் ஏன் இன்னும் சிரமம்

கதையில் வாசகர் எழுத்தாளர் காட்டுகிற பக்கம்தான் பார்ப்பார். கேமில் விளையாடுகிறவர் கதவைத் திறப்பார், சுவரில் குத்துவார், கோழியைத் துரத்துவார், தண்ணீரில் தீப்பந்தத்தைப் போட்டுப் பார்ப்பார். உலகத்தைச் சோதிப்பதுதான் அவருக்கு விளையாட்டே.

எல்லாமே சதுரக் கட்டைகளாலான மைன்கிராஃப்ட் கேமில் மரத்தின் அடிக் கட்டையை வெட்டினால் மேல் பாதி அந்தரத்தில் நிற்கும். மணலும் சரளையும் மட்டும் அடியில் ஒன்றும் இல்லையென்றால் கீழே விழும். யதார்த்தம் என்று பார்த்தால் கேலிக்கூத்து. ஆனால் எப்போது வெட்டினாலும் அப்படியே நிற்கிறது என்பதால், பத்து நிமிடத்தில் அதை ஏற்றுக்கொண்டு அதன்மேலேயே வீடு கட்டத் தொடங்கிவிடுகிறோம். 2017இல் வந்த செல்டா கேமான பிரீத் ஒஃப் த வைல்ட் வேறு வழியில் போனது. அங்கே இடி மின்னலில் இரும்பு வாளோடு நின்றால் மின்னல் உங்கள்மேல் விழும். காய்ந்த புல்லில் தீ வைத்தால் சூடான காற்று மேலே எழும், அந்தக் காற்றில் பாரஷூட் போன்ற ஒன்றை விரித்து நீங்கள் பறக்கலாம். யாரும் பாடம் எடுப்பதில்லை. நமக்கு ஏற்கெனவே தெரிந்த நெருப்பும் காற்றும்தான், அந்த உலகம் அதற்கு ஒத்துழைக்கிறது. இரண்டு கேமும் நம்பவைக்கின்றன, யதார்த்தத்தின் அளவுதான் வேறு.

சரி, வாளால் பத்து வெட்டு வாங்கியவன் ஒரு ரொட்டி சாப்பிட்டதும் எழும்பி ஓடுவதை எப்படி ஏற்றுக்கொள்கிறோம்? உயிருக்குப் புள்ளிக் கணக்கு வைக்கும் வழக்கம் 1974இல் வந்த டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டோடு பரவி, இன்று எங்கும் இருக்கிறது. இது விளையாடுகிறவரும் செய்தவரும் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம். கூத்துப் பார்த்து வளர்ந்தவருக்கு இது புதிதாக இருக்காது. வட்டக்களரி என்கிற கூத்து மேடையில் அரசன் தருப் பாட்டோடு ஆடிக்கொண்டு ஒரு சுற்று வந்தால் அத்தினாபுரத்திலிருந்து காட்டுக்குப் போயாயிற்று. கரப்புடுப்பு என்கிற கூத்து உடைக்குள் ஆடுகிற துரியோதனன் நாளைக் காலையில் மாடு அவிழ்க்கப் போகிறவர் என்று சபைக்குத் தெரியும். திரௌபதையாக வருகிறவர் ஆண் என்பதும் தெரியும். யாரும் முறைப்பாடு செய்வதில்லை. ஆனால் வடமோடிக் கூத்தில் வீமனின் வரவு ஆட்டம் சோர்ந்துபோனால், மத்தளத்துக்கும் காலுக்கும் சேராமல் போனால், முன் வரிசைக் கிழவரின் முகம் மாறிவிடும். வீமன் வீமனாக இல்லை. பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில் 18 நாள் விழாவில் பாண்டவர் வனவாசம் போகும்போது ஊர்த் தெருவே காடாகிறது. அதற்கு மரம் நட வேண்டியதில்லை, கூடப் போகிறவர்கள் சம்மதித்தால் போதும்.

ஒப்பந்தத்தை மீறும்போதுதான் சிக்கல். சண்டையில் தோழன் விழுந்தபோதெல்லாம் ஒரு போத்தல் மருந்து ஊற்றி எழுப்பினோம். பிறகு ஒரு கதைக் காட்சியில் அவனுக்கு ஒரேயொரு குத்து. எல்லோரும் சுற்றி நின்று அழுகிறார்கள். நம் பையில் இருபது போத்தல் இருக்கிறது! காட்சி எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அந்தப் போத்தல்கள்தான் கண்ணுக்குள் நிற்கும். செய்தவர் ஒரு வரி சேர்த்திருக்கலாம்: இந்தக் கத்தியின் விஷத்துக்கு அந்த மருந்து கேட்காது என்று, அதுவும் இரண்டு மணி நேரத்துக்கு முன்னாலேயே.

படத்தின் துல்லியம் இதற்கெல்லாம் மருந்தாகாது. முடியை ஒவ்வொன்றாக வரைந்தாலும் பாத்திரம் மடத்தனமாக நடந்துகொண்டால் பொம்மைதான். மனித முகத்துக்கு மிக நெருங்கி வந்தும் முழுதாகச் சேராத உருவம் நமக்கு ஒருவித அருவருப்பைத் தரும் என்று ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970இலேயே எழுதிவிட்டார்.

எவ்வளவு சொல்லலாம்

இவ்வளவையும் வாசித்துவிட்டு முதல் அத்தியாயத்திலேயே ஐந்து பக்கத்துக்கு உலக வரலாறு எழுதிவிடாதீர்கள். புதியவர்கள் செய்கிற அடுத்த பிழை அதுதான். நம்பவைப்பது விளக்கத்தின் நீளமல்ல, விவரத்தின் கூர்மை. கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடும் என்று சும்மா சொன்னால் கேட்கிறவர் சிரிப்பார். "பறுவ இரவில் தோணியை நிறுத்து, துடுப்பைத் தண்ணீரில் இறக்கு, மறு நுனியைக் காதில் வை" என்று சொன்னால் காது தானாகத் தீட்டப்படும். எந்த மீன், எப்படிப் பாடுகிறது என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

நம் நாகத்துக்கும் அப்படித்தான். அது எங்கிருந்து வந்தது என்று பாதைக்காரரிடம் கேட்டால் கடலிலிருந்து என்பார். தயிர்க்காரி, அது யாரோ ஒரு போடியாரின் சாபம் என்பாள். பள்ளிக்கூட வாத்தியார் அது ஒரு பெரிய விலாங்கு என்பார். மூன்றையும் எழுதுங்கள், எது சரியென்று சொல்ல வேண்டாம். பறுவத்தன்று பாதை ஓடாது என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே கருத்து இருக்கட்டும்.

எழுதி முடித்ததும், நாகக் கதையில் ஆர்வமே இல்லாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நல்லாயிருக்கா என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஓம் என்பார்கள். வாசிக்கும்போது எந்த இடத்தில் நிறுத்தித் திரும்ப மேலே பார்த்தார் என்று மட்டும் கவனியுங்கள். அந்த வரியில் ஒரு விளைவு விடுபட்டிருக்கும்.